அலாரம் இன்புட் பொயின்ட்களை அமைப்பது: சொஃப்ட்வெயருக்கு முன் மீற்றர்

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கம் மூன்று மாடிக் கட்டடம். கீழே களஞ்சியமும் ரோலர் ஷட்டரும், மேலே அலுவலகம். ஆறு கதவுகளுக்குக் கார்ட் ரீடர். பூட்டித் தந்தவர்கள் இப்போது போன் எடுப்பதில்லை. மாரி தொடங்கியதிலிருந்து மூன்றாம் கதவும் ஷட்டரும் இரவில் காரணமில்லாமல் அலாரம் காட்டுகின்றன. சொஃப்ட்வெயரில் இன்புட் பொயின்ட், அதாவது கதவுச் சுவிட்ச், சென்சர் ஒவ்வொன்றின் வயரும் வந்து சேரும் இடம், அந்தப் பக்கத்தைத் திறந்தால் நிறையப் பெட்டிகள், எதில் என்ன போடுவதென்று தெரியவில்லை. சைரனை இன்புட்டோடு நேரே தொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு சொஃப்ட்வெயரை மூடிவிடுங்கள். கதவு வயர்கள் எல்லாம் வந்து சேரும் கொன்ட்ரோலர் பெட்டியைத் திறந்து, ஓம் அளக்கும் ஒரு மீற்றரோடு நில்லுங்கள். இன்புட் பக்கத்தில் நீங்கள் போடப்போகும் முக்கியமான விடைகளை வயர்தான் தரும், கையேடு தராது.

கொன்ட்ரோலர் செய்யும் வேலை இவ்வளவுதான்: இரண்டு வயரில் சிறிய வோல்ற்றேஜ் ஒன்றைக் கொடுத்து, மறுமுனையில் எவ்வளவு தடை இருக்கிறது என்று ஓயாமல் அளந்துகொண்டிருக்கும். றெசிஸ்டர், அதாவது தடைக்கென்றே உள்ள சின்னத் துண்டு, எதுவும் போடாமல் வெறும் சுவிட்சைத் தொடுத்திருந்தால் அதற்கு இரண்டே விடைதான் தெரியும்: சுற்று மூடியிருக்கிறது, அல்லது திறந்திருக்கிறது. அநேகமாக உங்கள் கட்டடத்தில் எல்லாப் பொயின்ட்டும் இப்படித்தான் இருக்கும். கொன்ட்ரோலரின் சுற்றுப் பலகைகள் பல, பெட்டியிலிருந்து எடுத்ததும் இருக்கும் நிலை அதுதான், அவசரமாக வேலை முடிப்பவர்கள் அதை மாற்றுவதில்லை.

இதில் என்ன கெடுதல் என்று பாருங்கள். என்ஓ வகையில், அதாவது சாதாரண நேரம் திறந்தும் அலாரம் நேரம் மூடியும் இருக்கும்படி தொடுத்த பொயின்ட்டின் வயரை ஒருவர் வெட்டினால் கொன்ட்ரோலருக்கு எதுவுமே தெரியாது. எலி கடித்தாலும் அப்படித்தான். அந்தப் பொயின்ட் செத்துப் போய் ஒரு வருடம் கழித்தும் திரையில் பச்சையாகவே நிற்கும். அதற்கு எதிராக, சாதாரண நேரம் மூடியும் அலாரம் நேரம் திறந்தும் இருக்கும் என்சி வகையில் வயர் அறுந்தால் அலாரம் வரும், அது பரவாயில்லை. ஆனால் இரண்டு வயரும் எங்காவது நசுங்கி ஒட்டிக்கொண்டால், அல்லது விஷயம் தெரிந்த ஒருவர் ஒரு ஊசியைக் குத்தி ஒட்டவைத்தால், கதவு அகலத் திறந்து கிடந்தாலும் "மூடியிருக்கிறது" என்றுதான் காட்டும். களஞ்சியம் வைத்திருக்கிறவருக்கு இந்த இரண்டாவதுதான் கூடப் பயப்பட வேண்டியது. உள்ளே வேலை செய்யும் ஆக்களாலும் அதைப் பகலில் ஆறுதலாகச் செய்துவைக்க முடியும்.

அதற்குத்தான் இரண்டு றெசிஸ்டர். 1 கிலோஓம் ஒன்று வயரோடு வரிசையில், இன்னொரு 1 கிலோஓம் சுவிட்சின் இரண்டு கால்களுக்கும் குறுக்கே. கதவு மூடியிருக்கும்போது சுவிட்ச் மூடியிருக்கும், குறுக்கே இருக்கும் றெசிஸ்டர் கணக்கில் வராது, அளவு 1000 ஓம். கதவு திறந்தால் இரண்டும் சேர்ந்து 2000 ஓம். வயர் அறுந்தால் அளவே இல்லை, முடிவிலி. வயர் ஒட்டினால் பூச்சியத்துக்குக் கிட்ட. ஆக நான்கு நிலை: இயல்பு, அலாரம், அறுந்தது, ஒட்டியது. கொன்ட்ரோலரும் நான்கையும் தனித்தனியே சொல்லும். சில பலகைகள் 2.2 கேட்கும், சில 4.7, சில 10 கிலோஓம். பல புதிய பலகைகளில் சொஃப்ட்வெயரில் தெரிவுசெய்யலாம்.

தெரிவுசெய்யலாம் என்றால் கடற்கரைக் கட்டடத்துக்குக் குறைந்த பெறுமதியை எடுங்கள். காரணம் கணக்கில் இருக்கிறது. மாரியில் இணைப்புப் பெட்டிக்குள் ஈரமும் உப்பும் சேர்ந்து இரண்டு வயருக்கும் இடையே ஒரு கசிவுப் பாதையை உண்டாக்கும். அந்தக் கசிவு 5 கிலோஓம் என்று வையுங்கள். 1 கிலோஓம் றெசிஸ்டர்கள் போட்ட வளையத்தில் இயல்பு அளவு 1000 இலிருந்து ஏறக்குறைய 833 ஆகக் குறையும், அலாரம் அளவு 2000 இலிருந்து 1430 ஆகும். சிக்கல்தான், என்றாலும் பல பலகைகள் 833 ஐ இன்னும் இயல்பு என்றே எடுத்துக்கொள்ளும். அதே கசிவு 10 கிலோஓம் வளையத்தில் வந்தால் இயல்பு அளவே 3333 ஓமுக்கு விழுந்துவிடும். அதை எந்தப் பலகையும் இயல்பு என்று ஏற்காது. ஒரே பெட்டி, ஒரே ஈரம், ஒன்றில் பிழைக்கிறது, மற்றதில் இரவு முழுக்க அலாரம். கொழும்பில் குளிரூட்டிய கட்டடத்துக்குள் 10 கிலோஓம் போட்டுப் பழகியவர்கள் இங்கே வந்து அதையே போடும்போது இந்தத் தொல்லை வரும். அந்த 1430 ஐயும் மறக்கவேண்டாம். அது இயல்பும் இல்லை, அலாரமும் இல்லை. கதவு உண்மையாகவே திறந்த நேரத்தில் சில பலகைகள் அதைக் கோளாறு என்று எழுதிவிட்டுப் பேசாமல் இருக்கும்.

கேபிளின் தடையைப் பற்றி யோசிக்க வேண்டாம். கணினி நெட்வேர்க்குக்குப் போடும் கற்5 கேபிளில் 100 மீற்றர் போய் வந்தாலும் ஏறக்குறைய 19 ஓம்தான். 1000 ஓமுக்கு முன்னால் அது கணக்கில்லை. மீற்றரில் 1300, 1400 என்று வந்தால் அது கேபிள் நீளம் அல்ல, எங்கோ ஒரு மூட்டு கெட்டிருக்கிறது.

இனி றெசிஸ்டர் எங்கே இருக்கவேண்டும் என்பது. கதவுப் பக்கத்தில், சுவிட்சுக்குப் பக்கத்திலேயே. நான் பார்த்த கட்டடங்களில் பாதிக்கு மேல் அது கொன்ட்ரோலர் பெட்டிக்குள், ஸ்குரூவுக்குக் கீழே வடிவாக மடித்துப் பூட்டப்பட்டிருக்கும். ஏணியில் ஏறுவதை மிச்சப்படுத்துவதற்காகச் செய்வது. அப்படிப் பூட்டினால் றெசிஸ்டருக்கு அப்பால் இருக்கும் முழு வயரும் கண்காணிப்புக்கு வெளியே போய்விடும். வெளியே யாராவது ஒட்டவைத்தால் கொன்ட்ரோலர் தன் பெட்டிக்குள் இருக்கும் 1000 ஓமை அளந்து "எல்லாம் இயல்பு" என்று சொல்லும். பரிசோதிக்க வந்தவருக்கும் திரையில் "கண்காணிக்கப்படும் பொயின்ட்" என்றே தெரியும். றெசிஸ்டர் இல்லாததை விட இது மோசம், ஏனென்றால் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள்.

மூன்றாம் கதவுக்கு வருவோம். இன்புட் முனையிலிருந்து இரண்டு வயரையும் கழற்றுங்கள். பலகை வோல்ற்றேஜ் கொடுக்கும் என்பதால் பூட்டியபடி அளந்தால் பொய் அளவு வரும். கதவை மூடி அளவுங்கள், திறந்து அளவுங்கள், இரண்டையும் எழுதி வையுங்கள். பிறகு ஒவ்வொரு வயருக்கும் நிலத்துக்கும் (ஏர்த்) இடையே மீற்றரின் ஆகக் கூடிய ஓம் அளவில் வைத்துப் பாருங்கள். ஆரோக்கியமான வயர் என்றால் மீற்றர் எதையும் காட்டக்கூடாது. உயர் வோல்ற்றேஜ் கொடுத்து இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகரால் அளக்க விரும்பினால் இரண்டு முனையையும் கழற்றிவிட்டுத்தான் செய்யவேண்டும், இல்லாவிட்டால் பலகை போய்விடும்.

மூடிய கதவில் 3, 4 ஓம் வந்தால் றெசிஸ்டர் இல்லை. 1000 ஐச் சுற்றி வந்து, கதவை ஆட்டும்போது ஏறி இறங்கினால் கதவில் இருக்கும் காந்தத்தைப் பாருங்கள், அது கிட்ட வந்தால்தான் நிலையில் இருக்கும் சுவிட்ச் மூடும். மாரியில் மரக்கதவு ஊறி நிலையோடு இறுகும், பிறகு சரியாக மூடாமல் ஒரு விரல் இடைவெளியில் நிற்கும். காந்தமும் சுவிட்சும் சேர்ந்த சாதாரண காந்தத் தொடுப்பு அந்த இடைவெளியில் இருப்பதும் இல்லாததுமாக இருக்கும். இரும்புக் கதவில் அதன் தூரம் இன்னும் குறைவு, இரும்பு காந்தத்தை இழுத்துவிடும். இரும்புக் கதவுக்கென்று அகன்ற இடைவெளித் தொடுப்பு விற்கிறார்கள், அதைப் போடுங்கள்.

அளவு 1000 இல் இல்லாமல் 850, 1250 என்று அலைந்தால் கதவு நிலைக்கு மேலே சீலிங்குக்குள் இருக்கும் மூட்டைத் திறந்து பாருங்கள். என்ன இருக்கும் என்று இப்போதே சொல்கிறேன்: இரண்டு வயரை முறுக்கி அதன்மேல் கறுப்பு ரேப் சுற்றியிருக்கும். ரேப்பை உரித்தால் பசை இளகிக் கையில் ஒட்டும், உள்ளே செம்பு பச்சைக் களிம்பு பிடித்து, முறுக்கின் நுனி தொட்டாலே பொடியாக உதிரும். வெட்டி எறியுங்கள். பச்சைக்கு அப்பால் பளபளப்பான செம்பு தெரியும் மட்டும் வெட்டவேண்டும். களிம்பு இன்சுலேஷனுக்குள்ளும் ஊர்ந்து போயிருக்கும், நான்கு ஐந்து அங்குலம் கூட வெட்டவேண்டி வரலாம். ஈயம் வைத்து, பசை உள்ள வெப்பச் சுருக்குக் குழாய் போடுங்கள். அல்லது ஜெல் நிரப்பிய ரெலிபோன் கிளிப் போடுங்கள், மலிவு, கடற்கரைக்கு நன்றாக நிற்கும். றெசிஸ்டரின் கால்களையும் அப்படியே மூடுங்கள்.

ஷட்டர் வேறு கதை. அது காற்று. ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போதும் மாரியில் வாடை அடிக்கும்போதும் ஷட்டர் தகடு தண்டவாளத்துக்குள் படபடக்கும், காந்தம் ஒவ்வொரு அதிர்விலும் நழுவித் திரும்பும். ஷட்டருக்கென்றே உள்ள, நிலத்தில் பூட்டும் அலுமினியத் தொடுப்பு வாங்குங்கள். அதற்கு ஏறக்குறைய 50 மில்லிமீற்றர் இடைவெளி தாங்கும். அதைப் பூட்டிய பிறகும் மிஞ்சும் அதிர்வுக்குத்தான் சொஃப்ட்வெயரில் இருக்கும் தாமதம். முறையை மாற்றி, தாமதத்தைக் கூட்டிக் கூட்டி மலிவுத் தொடுப்பைச் சமாளிக்கப் பார்க்க வேண்டாம்.

இன்னொன்றையும் பெட்டிக்குள் நிற்கும்போதே பாருங்கள். காந்தப் பூட்டுக்கோ மின் பூட்டுக்கோ போகும் வயர், இன்புட் வயரோடு ஒரே குழாயில் போகிறதா? பூட்டின் சுருள் கரன்ட் அறும்போது எதிர் வோல்ற்றேஜ் ஒன்றை உதைக்கும். யாராவது கார்ட் காட்டும் அதே நொடியில் பக்கத்துக் கதவு அலாரம் காட்டினால் காரணம் அநேகமாக அதுதான். டிசி பூட்டின் இரண்டு முனைக்கும் குறுக்கே, பூட்டுக்குப் பக்கத்திலேயே, கரன்டை ஒரு திசையில் மட்டும் விடும் 1என்4007 டயோட் ஒன்று போடுங்கள். வெள்ளைக் கோடு உள்ள பக்கம் பிளஸ்ஸுக்கு. மாறிப் போட்டால் பியூஸ் போகும். சில காந்தப் பூட்டுகளில் இது உள்ளேயே இருக்கும், முதலில் பூட்டின் தாளைப் பாருங்கள்.

இவ்வளவும் செய்தபின் சொஃப்ட்வெயரைத் திறக்கலாம்.

முதற் பெட்டி பெயர். உங்கள் திரையில் "இன்புட் 03" என்று இருக்கும். இரவு காவலாளிக்கு அது எதையும் சொல்லாது. "கீழ்மாடி, கடல்பக்கம், களஞ்சியப் பின்கதவு" என்று, அவர் எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று தெரியும்படி எழுதுங்கள். சில பழைய சொஃப்ட்வெயர் தமிழ் எழுத்தை ஏற்காது. அப்படியென்றால் ஆங்கில எழுத்தில் எழுதி, அதே வரிசையில் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தாளை அச்சடித்துக் காவலறையில் ஒட்டுங்கள். திருகோணமலையில் காவலுக்கு நிற்கிறவர் எந்த மொழிக்காரர் என்பது ஷிப்டுக்கு ஷிப்ட் மாறும்.

அடுத்தது சுற்றின் வகை. இங்கே என்சி, என்ஓ, றெசிஸ்டர் உண்டு, இல்லை என்று தெரிவுகள் வரும். காந்தத் தொடுப்பின் பெட்டியில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பார்த்து இதை நிரப்ப வேண்டாம். ஒரே தொடுப்பை ஒரு கம்பனி காந்தம் பக்கத்தில் இருக்கும் நிலையை வைத்துப் பெயரிடும், இன்னொன்று காந்தம் இல்லாத நிலையை வைத்து. நீங்கள் மீற்றரில் பார்த்ததுதான் விடை: கதவு மூடியிருக்கும்போது 1000, திறந்தால் 2000 என்றால் அது என்சி, இரண்டு றெசிஸ்டர். வெளியே போகும் பட்டன் பெரும்பாலும் என்ஓ. அதற்கும் றெசிஸ்டர் போடலாம், அளவுகள் தலைகீழாக வரும்: சும்மா இருக்கும்போது 2000, அழுத்தினால் 1000.

பிறகு டிபவுன்ஸ். ஒரு மாற்றம் எவ்வளவு நேரம் நிலைத்து நின்றால் கொன்ட்ரோலர் அதை நம்பவேண்டும் என்பது. சில பலகை மில்லிசெக்கனில் கேட்கும், சில எத்தனை ஸ்கேன், அதாவது எத்தனை முறை அளந்து பார்ப்பது, என்று கேட்கும். கதவுக்கு 200, 300 மில்லிசெக்கன் போதும். ஷட்டருக்கு 500 வரை போகலாம். வெளியே போகும் பட்டனுக்குக் கூட்ட வேண்டாம். ஆக்கள் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திறக்கவில்லை என்று கதவை உலுப்புவார்கள். கண்ணாடி உடையும் சென்சருக்கும் குறைவாகவே இருக்கட்டும், அதன் றிலே, அதாவது கரன்டால் இயங்கும் சுவிட்ச், கொஞ்ச நேரம்தான் மாறும்.

இதோடு குழப்பிக்கொள்ளும் இன்னொன்று ஹோல்ட் நேரம். பொயின்ட் இயல்புக்குத் திரும்பிய பிறகும் எத்தனை செக்கன் அதை அலாரத்திலேயே பிடித்து வைப்பது என்பது. ஆட்டம் காட்டும் பொயின்ட் பத்து வரி எழுதாமல் ஒரு வரி எழுத இது உதவும். உடல் அசைவு சென்சருக்கு 5 செக்கன் வைத்தால் பதிவேடு படிக்கும்படி இருக்கும். கதவுகளுக்குப் பூச்சியம்.

உள்நுழைவுத் தாமதம் என்று ஒரு பெட்டியும், அதற்குப் பக்கத்தில் லாட்சிங், நொன்லாட்சிங் என்று ஒரு தெரிவும் வரும். லாட்சிங் என்றால் பொயின்ட் ஒருமுறை தட்டுப்பட்டதும் எண்ணத் தொடங்கும், இடையில் இயல்புக்குத் திரும்பினாலும் நேரம் முடிந்ததும் அலாரம்தான், யாராவது கார்டோ இலக்கமோ போட்டு நிறுத்தாவிட்டால். நொன்லாட்சிங் என்றால் நேரம் முடிவதற்குள் இயல்பானால் மறந்துவிடும். உங்கள் ஷட்டருக்கு நொன்லாட்சிங், 3 செக்கன். களஞ்சியத்துக்குள் ஒரு அசைவு சென்சர் தனிப் பொயின்ட்டாக இருக்கவேண்டும், அதற்குத் தாமதம் வேண்டாம். ஷட்டரை மூன்று செக்கனுக்குள் தூக்கி நுழைந்து இறக்கும் கெட்டிக்காரன் அதில் அகப்படுவான்.

கதவோடு சேர்ந்த இன்புட்களைச் சாதாரண அலாரம் பொயின்ட்டாக அமைக்க வேண்டாம். இது பலர் விடும் பிழை. கதவுத் தொடுப்பையும் வெளியே போகும் பட்டனையும் அந்தக் கதவின் பக்கத்தில், ரீடரோடு சேர்த்துத்தான் கட்டவேண்டும். அப்போதுதான் கார்ட் காட்டித் திறந்ததா, பலவந்தமாகத் திறந்ததா, திறந்தபடி விட்டார்களா என்று கொன்ட்ரோலர் பிரித்துச் சொல்லும். பூட்டு விடும் நேரம் 5 செக்கன், திறந்தபடி இருக்கலாம் என்ற நேரம் 25, 30 செக்கன் என்று தொடங்குங்கள். பொருள் ஏற்றி இறக்கும் பின்கதவுக்கு 30 செக்கன் போதாது. அதைப் போதாமல் வைத்தால் வேலையாட்கள் தொடுப்பின்மேல் இன்னொரு காந்தத்தை ஒட்டிவிடுவார்கள், நாட்டில் எல்லாக் களஞ்சியத்திலும் நடப்பதுதான். அந்தக் கதவுக்கு இரண்டு நிமிடம் கொடுங்கள், அல்லது பகலில் அந்த ஒரு அலாரத்தை மட்டும் மறையுங்கள்.

மறைத்தல் என்றால் நேர அட்டவணைப்படி ஒரு பொயின்ட்டின் அலாரத்தைச் சும்மா இருக்கவைப்பது. காலை 8 இலிருந்து மாலை 5 வரை அலுவலக அசைவு சென்சர் மறைவில், மற்ற நேரம் விழிப்பில். எல்லோரும் திங்கள் முதல் வெள்ளி என்று போட்டுவிட்டு விடுமுறைப் பட்டியலை மறந்துவிடுவார்கள். எங்கள் நாட்டில் மாதம் ஒரு போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை. அது கிழமை நாளில் வந்தால் கட்டடம் வெறுமையாக இருக்கும், கொன்ட்ரோலர் வேலைநாள் என்று நினைத்துக் காலை 8 மணிக்கே சென்சரை உறங்கவைக்கும். போயா ஒவ்வொரு வருடமும் வேறு தேதி, தீபாவளியும் அப்படி, நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜும் பிறையைப் பொறுத்தவை. வருடம் பிறக்குமுன் அடுத்த வருடத்துப் பொது விடுமுறைப் பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். பெருநாளுக்கு இரண்டு நாளாகப் போட்டு, பிறகு ஒன்றை எடுக்கலாம்.

மறைக்கும்போது வயர் அறுந்தது, ஒட்டியது என்ற கோளாறும் சேர்ந்து மறைகிறதா என்று பாருங்கள். சொஃப்ட்வெயருக்குச் சொஃப்ட்வெயர் வேறு. பகலில் மறைவில் இருக்கும் வயரைத்தான் உள்ளே இருப்பவர் ஆறுதலாக வெட்டுவார் என்பதால் கோளாறு 24 மணித்தியாலமும் தெரியவேண்டும். பெட்டி திறப்பு, அதாவது டாம்பர் பொயின்ட்டும் ஒருபோதும் மறைவுக்குப் போகக்கூடாது.

முன்னுரிமை இலக்கம் கேட்கும். சில சிஸ்டத்தில் 1 தான் ஆக உயர்ந்தது, சிலவற்றில் ஆகத் தாழ்ந்தது, கையேட்டில் பார்த்துவிட்டுப் போடுங்கள். எதற்கு எவ்வளவு என்று தீர்மானிக்க எனக்கு ஒரே ஒரு கேள்விதான்: இரவு இரண்டு மணிக்கு இது அடித்தால் யார் எழும்பி எங்கே போவார்? விடை இருந்தால் அது அலாரம். விடை இல்லையென்றால் பதிவேட்டில் ஒரு வரியாக இருக்கட்டும், திரையில் சிவப்பாக வரவேண்டியதில்லை. உங்கள் பட்டியலில் ஜெனரேற்றர் அறைக் கதவு, மேல்மாடி ஸ்ரோர் கதவு எல்லாம் ஆக உயர்ந்த முன்னுரிமையில் இருக்கின்றன. ஆக்கள் தினமும் போய்வரும் கதவுகள். நாளொன்றுக்கு நாற்பது சிவப்பு வரியை அழுத்தி அழுத்திப் பழகிய காவலாளி நாற்பத்தோராவதையும் வாசிக்காமலே அழுத்துவார், அவரைக் குறை சொல்ல முடியாது.

கரன்ட் போன பொயின்ட் இதற்கு நல்ல உதாரணம். பவர் சப்ளையில் ஏசி, அதாவது வெளியிலிருந்து வரும் மின்சாரம், போனது, பற்றரி குறைந்தது என்று இரண்டு றிலே இருக்கும், இரண்டையும் இன்புட்டில் தொடுத்துவிடுங்கள். 2025 பெப்ரவரி 9, ஞாயிறு, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு முட்டி நாடு முழுக்க மின்சாரம் போனதே, அப்படி ஒரு நாளில் ஏசி போனது என்பது செய்தியே அல்ல, எல்லோருக்கும் தெரியும். அதற்கு இரண்டு நிமிடத் தாமதமும் தாழ்ந்த முன்னுரிமையும் கொடுங்கள். பற்றரி குறைந்தது என்பதுதான் உயர்ந்தது. 12 வோல்ற் 7 ஆம்பியர்மணி பற்றரி ஒன்றில் அரை ஆம்பியர் இழுக்கும் காந்தப் பூட்டு இரண்டு தொங்கினால் ஏழு மணித்தியாலம் என்று கணக்கு வரும், பழைய பற்றரியில் நடைமுறைக்கு அதில் பாதியும் வராது. பற்றரி செத்ததும் காந்தப் பூட்டு தானாக விடும், களஞ்சியம் திறந்து கிடக்கும். ஒருவர் உண்மையில் எழும்பிப் போகவேண்டிய அலாரம் அது.

கேட்டடியில் ஒளிக்கற்றைச் சென்சர் பூட்டும் எண்ணம் இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். பிரெட்ரிக் கோட்டையடி மான்களை மறந்துவிட்டீர்கள். இரவில் அவை றோட்டுக்கு வந்து குப்பை கிளறும். இரட்டைக் கற்றை உள்ளதாக, இரண்டும் ஒன்றாக மறைந்தால்தான் அடிக்கும்படியாக வாங்குங்கள். அப்படியும் ஒரு ஆண் மான் நின்றால் இரண்டையும் மறைக்கும். அந்தப் பொயின்ட்டைக் கமராவைத் திருப்பிக் காட்ட மட்டும் வையுங்கள், சைரனுக்கு வேண்டாம்.

இனி சைரன். தொடுக்கலாம், ஆனால் மூன்று விஷயம் பாருங்கள். இன்புட்டையும் சைரனையும் சேர்க்கும் தொடுப்பு கொன்ட்ரோலருக்குள்ளேயே இருக்கவேண்டும், சேர்வர் கணினி வழியாகப் போகக்கூடாது. இன்புட் இருக்கும் பலகையும் சைரன் றிலே இருக்கும் பலகையும் ஒரே கொன்ட்ரோலருக்குக் கீழ் இருந்தால் கணினி நின்றாலும் சைரன் அடிக்கும். இரண்டாவது, அலாரம் நிலைக்கு மட்டும் தொடுத்துவிடுங்கள், கோளாறு நிலைக்கு வேண்டாம். கோளாறு காவலாளியின் திரைக்குப் போகட்டும். மழைக்கு ஒரு மூட்டு ஊறியதற்கு உவர்மலை வரை கேட்கும்படி ஊதத் தேவையில்லை. மூன்றாவது, மூன்று நிமிடத்தில் தானாக நிற்கும்படி நேரம் போடுங்கள், சத்தம் நெருப்பு அலாரத்தின் சத்தத்திலிருந்து வேறாக இருக்கட்டும்.

நெருப்பு பனல், அதாவது நெருப்பு அலாரத்தின் பெட்டி, அதிலிருந்து வரும் இன்புட்டைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள், எனக்கு அதுதான் பயம். "நெருப்பு இன்புட் வந்தால் எல்லாக் கதவும் திற" என்று சொஃப்ட்வெயரில் ஒரு விதி எழுதி வைத்திருப்பதாகத் தெரிகிறது. விதி இருக்கட்டும், ஆனால் அதை நம்பக்கூடாது. நெருப்பு பனலின் றிலே, காந்தப் பூட்டுகளுக்குப் போகும் கரன்டை நேரே வெட்டவேண்டும், இடையில் கொன்ட்ரோலரும் இல்லை, சொஃப்ட்வெயரும் இல்லை. அவசரத்தில் உடைத்துக் கதவைத் திறப்பதற்கென்று கதவடியில் இருக்கும் பச்சை உடைப்புப் பெட்டியும் அப்படியே, பூட்டின் கரன்டைத் தன் கையாலேயே அறுக்கவேண்டும். இன்புட்டுக்குப் போகும் தொடுப்பு எத்தனை மணிக்கு நடந்தது என்று பதிவதற்கு மட்டும். கொன்ட்ரோலர் உறைந்துபோய் நிற்கும் நாளும் புகை வரும் நாளும் ஒரே நாளாக இருக்கலாம். மற்ற எல்லாவற்றையும் அடுத்த கிழமைக்குத் தள்ளினாலும் இதை இந்தக் கிழமையே மின்வேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுச் சரிபாருங்கள்.

கடைசியாகச் சோதனை. ஒருவர் திரைக்கு முன், ஒருவர் கதவடியில், கையில் போன். ஒவ்வொரு பொயின்ட்டுக்கும் நான்கு சோதனை, நான்கும் கதவு முனையில், கொன்ட்ரோலர் முனையில் அல்ல: மூடு, திற, ஒரு வயரைக் கழற்று, இரண்டையும் ஒட்டு. நான்குக்கும் நான்கு வேறு வரி திரையில் வரவேண்டும். "கழற்று" என்பதற்கும் "திற" என்பதற்கும் ஒரே வரி வந்தால் அந்தப் பொயின்ட் இன்னும் றெசிஸ்டர் இல்லாத வகையில்தான் அமைந்திருக்கிறது, சுற்றின் வகைப் பெட்டிக்குத் திரும்பிப் போங்கள். சோதனை முடிந்ததும் கொன்ட்ரோலர் அமைப்பை ஒரு கோப்பாக எடுத்துக் கணினிக்கு வெளியே வேறெங்காவது வையுங்கள். மீற்றர் அளவுகளை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள், தேதியோடு. வைகாசியில் 1004 காட்டிய கதவு மார்கழியில் 930 காட்டினால், அலாரம் அடிக்கத் தொடங்குமுன்னரே எந்த மூட்டைத் திறக்கவேண்டும் என்று தெரியும்.

மூன்றாம் கதவின் இரண்டு அளவுகளும் கிடைத்ததும் எழுதுங்கள். ஷட்டருக்குத் தொடுப்பு வாங்கப் போகும்போது கேபிளுக்கு இரும்புக் கவசம் உள்ளதாகக் கேளுங்கள், போர்க்லிப்ட் ஏறினால் சாதாரண வயர் நிற்காது.